நாய்ச் சட்டங்களில் வளர்ப்பவர் பொறுப்பு: 1832 முதல் 2025 வரை

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரும் அதற்கு உரியவனின் பெயரும் ஒரே கல்லில் சேர்ந்து பதிவாகியிருப்பது அபூர்வமான சான்று. நம் காலத்து நகராட்சிப் பதிவேடுகளில் இப்படி நாயையும் ஆளையும் சேர்த்துக் காண்பது அரிது. கடந்த இரண்டு நூற்றாண்டுகளாக இந்திய நகரங்களில் நாய் பற்றி எழுந்த சட்டங்களும் வழக்குகளும் பெரும்பாலும் நாயை என்ன செய்வது என்பதையே விவாதித்துள்ளன. கொல்வதா, கருத்தடை செய்வதா, காப்பகத்தில் அடைப்பதா என்று கேள்வி மாறி வந்திருக்கிறது. நாயை வளர்ப்பவரும் வளர்த்துக் கைவிடுபவரும் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் ஓரிடம் இருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. தெருவில் திரியும் நாய்களால் வரும் இன்றைய அவதியில் இந்தப் புறக்கணிப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பம்பாயில் 1832 ஜூன் மாதம் நடந்த கலவரத்திலிருந்து இதைப் பார்க்கலாம். கோடைக்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல அரசு அனுமதித்திருந்தது. கொன்ற ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா வெகுமதி. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் இதை எதிர்த்துக் கடைகளை அடைத்துத் தெருவில் இறங்கினார்கள். மத உணர்வுக்கும் ஆட்சிக்கும் நேர்ந்த மோதல் என்றே இந்நிகழ்வு பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனாலும் என் பார்வையில் அந்த எட்டணா ஏற்பாடு இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டுகிறது. கொன்ற தலைக்குக் கூலி என்றால், பிடிப்பவருக்கு வீட்டு நாயும் ஒன்றுதான், வீடற்ற நாயும் ஒன்றுதான். நாய்க்கு உரியவர் யார் என்று விசாரிக்க அந்த முறையில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இதே ஆட்சி மாட்டை எப்படி நடத்தியது என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைக்கலாம். மாட்டுக்காரர் தண்டத்தொகையும் தீவனச் செலவும் கட்டி மீட்க வேண்டும்; யாரும் மீட்காவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த ஏற்பாடு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. மாடு அலைந்தால் குற்றம் மாட்டுக்காரருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தச் சட்டத்தின் கால்நடைப் பட்டியலில் யானை, ஒட்டகம், கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி வரை இடம்பெற்றிருக்கின்றன, நாய் இல்லை. ஏலத்தில் விலை போகும் விலங்குக்கு உடையவர் தேடப்பட்டார். விலை போகாத விலங்குக்கு நாய் வண்டி அனுப்பப்பட்டது.

நகராட்சிச் சட்டங்கள் உடையவரை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தில் 399ஆம் பிரிவு, நாயைப் பதிவு செய்யவும், பதிவுக்கு அடையாளமாக உலோக வில்லை கோத்த கழுத்துப்பட்டையை அணிவிக்கவும் வழிசெய்கிறது. பட்டை இல்லாமல் பொது இடத்தில் திரியும் நாயைப் பிடித்து அடைக்கலாம், கொல்லவும் செய்யலாம். வளர்ப்பவரின் கடமையாக இருந்திருக்க வேண்டிய வில்லை, கொல்லத் தகாத நாயை அடையாளம் காட்டும் குறியாகவே நின்றுவிட்டது. வில்லை வாங்காத வீட்டுக்காரரைத் தேடிப் போவதைவிடத் தெருவில் கிடைக்கும் நாயைப் பிடிப்பது மாநகராட்சிக்கு எளிது.

வெறிநாய்க்கடி குறித்த அச்சம் இந்தப் போக்கை வலுப்படுத்தியது. 1885இல் பாஸ்டர் தடுப்பூசி கண்டபின், கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் நிலையங்கள் எழுந்தன. அவை கடிபட்ட மனிதருக்கு ஊசி போட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால் மனிதருக்குச் சிகிச்சை, நாய்க்குக் கொலை என்று வேலை இரண்டாகப் பிரிந்ததில் நடுவிலிருந்த வழி, அதாவது நாய்க்கே தடுப்பூசி போட்டு நோயை நிறுத்துவது, இந்திய நகரங்களில் மிகப் பிந்தியே முக்கியத்துவம் பெற்றது. கொலை நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் இல்லை. 1990களின் நடுவில் சென்னை மாநகராட்சி நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொன்றதாக ப்ளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. குப்பையும் கழிவு இறைச்சியும் கிடைக்கும் இடத்தில், கொன்ற நாய்களின் இடத்தை அடுத்த தலைமுறைக் குட்டிகள் விரைவில் நிரப்பிவிடுகின்றன.

1996இல் சென்னையில் கருத்தடைத் திட்டம் தொடங்கியது. 2001இல் அதுவே நாடு முழுமைக்குமான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளாக வந்தது. இந்த மாற்றத்தின் அறப்பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த விதிகளின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நாய்கள் வளர்ப்பு நாய், தெருநாய் என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வளர்ப்பு நாயின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கருத்தடை, உரிமம் ஆகியவை உடையவரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, தெருநாய்களைப் பிடிப்பது, அறுவை செய்வது, பிடித்த இடத்திலேயே விடுவது பற்றி விதிகள் விரிவாகப் பேசின. உடையவர் பொறுப்பைக் கண்காணிக்கும் வேலை உள்ளூர்ச் சட்டங்களுக்கு விடப்பட்டது. நம் தெருக்களில் அந்த இரு வகைக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு. காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் சோறு தின்று, பகலெல்லாம் தெருவில் சுற்றி, இரவில் அதே வாசலில் காவல் படுக்கும் நாய் அது. கேட்டால் வீட்டுக்காரர் தம் நாய் என்பார். அது யாரையாவது கடித்தால் தெருநாய் என்பார். அந்த நாய் ஈனும் குட்டிகளில் ஆண் குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். பெண் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு ஊர் எல்லைக்கோ சந்தைப் பக்கமோ போய்ச் சேரும். 2023ஆம் ஆண்டின் புதிய விதிகள் தெருநாயைச் சமூக விலங்கு என்று அழைத்து, உணவிடும் இடம் பற்றியும் பேசின. அரை வளர்ப்பில் இருக்கும் இந்த நாய்க்கு அவற்றிலும் தெளிவான இடமில்லை.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் தெருநாய்கள் ஏறத்தாழ 1.53 கோடி, 2024இல் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்துக்கு மேல். இத்தனை பெரிய சிக்கலுக்கு வீட்டு நாய் உரிமம் எப்படித் தீர்வாகும் என்று கேட்கிறார்கள். உரிமம் மட்டும் தீர்வாகாது; குப்பை அகற்றாத நகரில் எந்தத் திட்டமும் தோற்கும். ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் பலனளிக்க ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வாசலில் படுத்திருக்கும் அந்த மூன்றாம் வகை நாய்களை விட்டுவிட்டு அந்த அளவை எட்ட முடியாது. கோவாவில் வீட்டு நாய், தெருநாய் என்று பாராமல் வீடுவீடாகவும் வலை வீசியும் தடுப்பூசி போட்டார்கள். 2018 முதல் 2021 வரை அங்கு வெறிநாய்க்கடியால் மனித உயிரிழப்பு இல்லை. பூட்டானில் 2009 முதல் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்தார்கள். கூடவே 32,000 வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தினார்கள். இரண்டையும் ஒரே வேலையாகச் செய்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

இனத்தைத் தடை செய்வதே வழி என்பது இரண்டாவது மறுப்பு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்பே மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை கோரிச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆற்றல் மிக்க இனங்கள் கடித்தால் காயம் கொடியது என்பதை மறுக்க முடியாது. அவற்றுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை. ஆனால் பூங்காவில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எளியவை. கயிறு இருந்ததா, வாய்மூடி இருந்ததா, உரியவர் அருகில் இருந்தாரா? இனப் பட்டியல் மீண்டும் நாயையே பார்க்கிறது.

மூன்றாவது மறுப்பை நான் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். சுற்றுச்சுவரும் கதவும் இல்லாத ஓட்டு வீட்டில் நாய் வளர்க்கும் ஏழையை இந்தப் பொறுப்பு தண்டிக்காதா? சென்னையில் 2025இல் உரிமக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. அதே ஆண்டு உரிமம் பெறாதோருக்கு அறிவிக்கப்பட்ட அபராதம் 5,000 ரூபாய். இந்த இடைவெளியை ஏழை ஒருவரால் தாங்க முடியாது. ஆகவே தடுப்பூசியையும் கருத்தடையையும் அவர் தெருவுக்கே இலவசமாகக் கொண்டுபோய், அங்கேயே பதிவையும் செய்வதுதான் முறை. சங்கிலியை முதல் கடமையாக்கவும் கூடாது. நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய் முரடாகிறது.

2025இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தவை பழைய பாதையையே காட்டுகின்றன. ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத்தின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆணை வந்தது; ஆகஸ்ட் 22 அன்று வேறு அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படியும் அங்கே திரும்ப விடக் கூடாதென்றும் உத்தரவானது. மருத்துவமனை வராந்தாவில் நோயாளி அஞ்சாமல் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று ஆணைகளிலும் விவாதத்தின் மையம் நாய் எங்கே இருக்கலாம் என்பதுதான்.

இந்த வரிசையில், சென்னையில் வளர்ப்பு நாய்களுக்குப் பொருத்தப்படும் மைக்ரோசிப் புதியது, ஏனெனில் கைவிடப்பட்ட நாயைத் தெருவில் பிடித்து வருடிக் கருவியால் படித்தால் கைவிட்டவரின் பெயர் தெரியும். பெயர் தெரிந்தபின் என்ன செய்யலாம்? பட்டினியால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 2022இல் இதை உயர்த்தும் திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.