'தௌ'வும் 'யூ'வும்: ஒரு பழைய வகுப்பறைக் கடன்



எண்பதுகளில் ஒரு நாள், பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். "'தௌ' என்பது மரியாதைச் சொல். அதனால்தான் பைபிளில் கடவுளை அப்படி அழைக்கிறார்கள்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், அதே பைபிள்ல சாத்தானையும் அப்படித்தானே சொல்லியிருக்கு?" வகுப்பே சிரித்தது. "உட்காருடா, அதிகப்பிரசங்கி" என்று அடக்கிவிட்டேன்.

அவன் கேட்டதுதான் சரி. ஓய்வுபெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முற்கால ஆங்கிலத்தில் 'தௌ' ஒருமை, நம்முடைய 'நீ'. அதற்கு வினையும் தனி: 'தௌ ஆர்ட்', 'தௌ ஹாஸ்ட்'. 'உன்னை' என்பதற்கு 'தீ'. பன்மையில் 'நீங்கள்' என்பதற்கு 'யீ', 'உங்களை' என்பதற்கு 'யூ'. அதாவது 'யூ' முதலில் எழுவாயாகவே வராது.

13-ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரியவர் ஒருவரையும் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். பிறகு 'யூ' வளர்ந்து 'யீ'யின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 'தௌ' நெருங்கியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலையாட்களுக்கும் என்றானது. அந்நியரைச் சொன்னால் அது அவமதிப்பு.

1603-இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று அழைத்து இழிவுபடுத்தினார்.

அதே நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தலைமையில் எழுந்த குவேக்கர்கள், மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்று எல்லோரையும் 'தௌ' என்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். வில்லியம் பென்னின் தகப்பனார் கடற்படை அட்மிரல். அரசரையும் தன்னையுமாவது அப்படி அழைக்காதே என்று மகனிடம் மன்றாடினாராம்.

ஆனால் மற்ற ஜனங்கள் வேறு வழி போனார்கள். எதிரே நிற்பவர் யாரென்று தெரியாதபோது 'யூ' என்பதே பாதுகாப்பு. இப்படியே 17-ஆம் நூற்றாண்டின் முடிவில் பொதுப்பேச்சிலிருந்து 'தௌ' பெரும்பாலும் மறைந்தது.

1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள், மூல மொழிகளின் ஒருமையைக் காட்டவே 'தௌ'வைப் பயன்படுத்தியது. கடவுளும் ஒருவர், சாத்தானும் ஒருவன். இருவருக்கும் ஒரே சொல். பேச்சில் மறைந்து ஜெபத்தில் மட்டும் தங்கியதால், பிற்காலத்தவருக்கு அது மரியாதைச் சொல்லாகத் தோன்றியது. நானும் அதில்தான் ஏமாந்தேன். சாமியை நாமே 'நீ' என்றுதானே கும்பிடுகிறோம்! அதையாவது அன்று யோசித்திருக்கலாம்.

அந்தக் கடைசி பெஞ்ச் மாணவர் இதைப் படிக்கிறாரா தெரியவில்லை. அன்று 'டா' போட்டு உட்கார வைத்தேன். தம்பி, நீங்கள் கேட்டது சரி. தவறு என்னுடையது.