ராட் பிளகோயவிச் பதவிநீக்க விசாரணை

ராட் பிளகோயவிச் பதவிநீக்க விசாரணை என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநில ஆளுனராக இருந்த ராட் பிளகோயவிச் மீது அம்மாநிலச் சட்டமன்றம் 2009 ஜனவரியில் நடத்திய விசாரணையைக் குறிக்கும். இலினொய் வரலாற்றில் இவ்வாறு பதவிநீக்கப்பட்ட முதல் ஆளுனர் இவரே ஆவார்.

பின்னணி

அமெரிக்க மாநில ஆளுனர்கள் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2008 நவம்பரில் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தெரிவானதை அடுத்து, அவர் வகித்த இலினொய் செனட் இடம் வெற்றிடமானது. அதற்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம் ஆளுனருக்கு இருந்தது. அவ்விடத்தைத் தன் ஆதாயத்துக்காகப் பேரம் பேசினார் என்ற குற்றச்சாட்டில் டிசம்பர் 9 அன்று பிளகோயவிச் கைது செய்யப்பட்டார். ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் முதன்மைச் சான்றாக அமைந்தன.

வாக்கெடுப்பு

மாநிலக் கீழவை ஜனவரி 9 அன்று 114-1 என்ற வாக்குகளால் குற்றஞ்சாட்டியது. மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. ஜனவரி 29 அன்று 59 உறுப்பினர்களும் நீக்கத்தை ஆதரித்தனர். இலினொயில் அவர் மீண்டும் அரசுப் பதவி வகிக்கத் தடை விதிக்கும் தீர்மானமும் 59-0 என நிறைவேறியது. துணை ஆளுனர் பாட் குவின் ஆளுனரானார்.

பிந்தைய நிகழ்வுகள்

பதவிநீக்கத்தால் பதவி மட்டுமே பறிபோகும். சிறைத் தண்டனையை நீதிமன்றமே விதிக்க முடியும். கூட்டரசு நீதிமன்றம் 2011இல் அவருக்கு 14 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் 2020இல் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 2025இல் முழு மன்னிப்பும் வழங்கினார். எனினும் அம்மன்னிப்பு கூட்டரசுக் குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். மாநில மேலவை விதித்த தடையை அது நீக்கவில்லை.