காட்டு நாரங்கம்: கம்பம் பள்ளத்தாக்கின் எலுமிச்சைக் குடும்பத் தாவரங்களும் பெயர் வரலாறும்

உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே அமைந்துள்ள அனுமந்தன்பட்டியின் சமவெளி, 1895இல் முல்லைப்பெரியாறு அணை நிறைவுற்ற பின்னர் நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் பாசன நிலமாயிற்று. பழைய புதர்க்காட்டின் எச்சங்களை இன்று பள்ளத்தாக்கின் இருபுறத்து மலைச்சரிவுகளில்தான் தேட வேண்டும். அத்தகைய வறண்ட சரிவுகளுக்குரிய குருந்து, மகாவில்வம், மிளகரணை, விளா ஆகிய நான்கும் எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் குருந்திற்குக் காட்டெலுமிச்சை என்ற பெயரும் வழங்குகிறது. எனினும் தாவரவியல் நோக்கில் இவற்றுள் ஒன்றும் எலுமிச்சை இனத்தைச் சார்ந்ததன்று.

1943இல் வால்டர் ஸ்விங்கிள் செய்த வகைப்பாடு இங்குப் பயன்படுகிறது. அவர் குருந்தை எலுமிச்சைக்கு அணுக்கமான பிரிவிலும், மகாவில்வத்தைத் தொன்மைப் பிரிவிலும், விளாவை வன்தோட்டுக் கனிப் பிரிவிலும் வைத்தார். மிளகரணை இவற்றினின்றும் விலகிய ஏறுகொடி. எலுமிச்சையின் தனி அடையாளமாகிய சாற்றுப்பைகள் குருந்தின் கனியில் வளர்ச்சி குன்றியே உள்ளன.

இவ்வேறுபாடு 'நாரங்கம்' என்னும் சொல்லின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது. வடமொழி நாரங்க, பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நாரஞ்சா எனத் தொடரும் சொல்வழியின் தொடக்கம் திராவிடம் என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து. இதனைக் கொண்டு ஆரஞ்சுக் கனியே தமிழகத்தில் தோன்றியது எனச் சிலர் முடிவு கட்டுவர். அம்முடிவு பொருந்தாது. எலுமிச்சை இனம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பல்கிப் பரவியது என 2018இல் நேச்சர் இதழில் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டுகிறது. மேற்கே சென்ற கசப்பு ஆரஞ்சு, பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து பிறந்தது.

கனி வடகிழக்கிலிருந்து வந்தது; சொல் தெற்கிலிருந்து சென்றது. அவ்வாறாயின் அக்கனி வருமுன் அச்சொல் எதனைக் குறித்தது? குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் நரந்தமும் குருந்தும் தனித்தனியே இடம்பெறுகின்றன. கபிலர் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. புறநானூற்று 132ஆம் பாடலிலோ நரந்தை என்பது கவரிமா மேயும் மணப்புல். நரந்தம் கத்தூரியையும் குறிக்கும். எனவே சொல்லின் கரு கனியன்று, மணமே எனலாம். மலையாள வழக்கு இதற்கு மேலும் ஒளி தருகிறது. 17ஆம் நூற்றாண்டின் ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ், காட்டுச் செடிகளையும் 'நாரகம்' என்னும் பெயரின் அடைமொழி வடிவங்களால் பதிவுசெய்துள்ளது. மகாவில்வத்தின் பேரினப் பெயரான 'நாரிங்கி' அவ்வழக்கிலிருந்து பிறந்ததே. முள்ளும் இலைமணமும் கொண்ட உள்நாட்டுச் செடிகளுக்குரிய பெயர், பின்னர் வந்த பெருங்கனிகளுக்கு ஏறியிருத்தல் கூடும். (நாரத்தை, எலுமிச்சை இலைகளை இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டியில் வேம்பு இல்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.)

பெயர்களைப் பிரித்தறிவது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. பள்ளத்தாக்கின் வடபுறத்தே கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் செழித்திருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில் நோய்களால் நலிந்தன. காப்பியும் பிற பயிர்களும் அவ்விடத்தைப் பிடித்தன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சையோ, கடையம் வட்டார நாட்டு வகையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. புதிய இரகத்திற்கு மூலம் பழைய நாட்டு மரமே என்பதற்கு இது சான்று. மேகாலயத்தில் நோக்ரெக் மலையின் காட்டு ஆரஞ்சுக்கெனத் தனி மரபுவளக் காப்பிடம் அமைக்கப்பட்டது. தென்மலைகளின் குருந்தும் மகாவில்வமும், வீட்டுக் கொல்லைகளில் ஊறுகாய்க்காக மட்டும் வளர்க்கப்படும் நாட்டு நாரத்தையும் கிடாரங்காயும் ஊர்வாரியாக, அவ்வவ்வூர் வழக்குப் பெயர்களோடு பதிவுசெய்யப்பட வேண்டியவை. காட்டெலுமிச்சை என்னும் ஒரே சொல்லின்கீழ் இவையனைத்தும் எழுதப்படுமாயின், எந்த மரம் அழிந்தது என்பதைக்கூடப் பின்னர் அறிய இயலாது.