பழைய தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இன்று எங்கே பார்க்கலாம்?

தமிழ் நிகழ்ச்சி தொடங்குவதற்குள் சமையலை முடித்து, பிள்ளைகளைக் குளிக்கவைத்து, குடும்பமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த மாலைகள் ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு நினைவிருக்கும். நேரம் குறைவு, தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

‘அந்த நாடகம் இப்போது கிடைக்குமா?’ என்று அம்மாவோ தாத்தாவோ கேட்டால் பிள்ளைகள் முதலில் தேடுவது யூடியூபில். பெரும்பாலும் ஏமாற்றமே. நிகழ்ச்சி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் சேவை 1963 பிப்ரவரி 15ஆம் தேதி தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் வந்த ஒளிவழி 8, சீனத்தோடு தமிழுக்கும் இடம் கொடுத்தது. 1990களின் நடுப்பகுதியில் தமிழ் நிகழ்ச்சிகள் ஒளிவழி 12க்கு மாறின. 2000 ஜனவரியில் ‘வசந்தம் சென்ட்ரல்’ வந்தது. 2008 அக்டோபர் 19 முதல் வசந்தம் தனி ஒளிவழியாக இயங்குகிறது.

தேடலில் எளிதானது இந்தக் கடைசிக் கட்டம். வசந்தம் நாடகங்கள் பல மீடியாகார்ப்பின் மீவாட்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். இன்று இருப்பது அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அதற்கு முந்தியவற்றுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகள் பிரிவைப் பார்க்கலாம். பட்டியல் ஆங்கில எழுத்தில் இருப்பதால் ஒரே தலைப்பை இரண்டு, மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். சில பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிலவற்றுக்கு முன்பதிவு செய்து கேனிங் ரைஸ் கட்டடத்துக்கு நேரில் செல்ல வேண்டும். பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். முகங்களை அடையாளம் சொல்ல அவர்தான் தேவைப்படுவார்.

1960களையும் 70களையும் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. அன்று உலகெங்கும் பல நிகழ்ச்சிகள் நேரலையாகவே ஒளியேறின. நாடாவின் விலை அதிகம் என்பதால் ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவுசெய்தார்கள். பிரிட்டனின் பிபிசிகூட தன் புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொடக்ககாலப் பகுதிகள் பலவற்றை அப்படித்தான் இழந்தது. காணாமல்போன பகுதிகளின் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்திருந்தார்கள்.

நம் வீடுகளிலும் அப்படி ஏதேனும் இருக்கலாம். 1980, 90களில் விஎச்எஸ் வீடியோ கேசட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த குடும்பங்கள் ஏராளம். இந்த நிருபரின் வீட்டு அலமாரியிலும் ‘தீபாவளி, அழிக்காதே’ என்று பாட்டியின் கையெழுத்தில் ஒரு கேசட் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இல்லை.

கருவிதான் இப்போது பெரிய சிக்கல். விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. பழைய கருவி வாங்குவதானால் அது ‘பால்’ முறையில் இயங்குமா என்று கேளுங்கள். அமெரிக்காவின் ‘என்டிஎஸ்சி’ முறையில் மட்டும் இயங்கும் கருவியில் இங்கு பதிவான கேசட் சரியாக ஓடாது.

நாடாவும் காத்திருக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளைப் பொடிபோல் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகலாம்; கருவிக்குள் பூஞ்சை ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை மின்னிலக்கமாக மாற்றித்தரும் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. நல்ல நிலையில் உள்ளவற்றைப் புத்தகம்போல் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கேசட்டின் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறுதலாக வேறெதுவும் அதன்மேல் பதிவாகாது.

மாற்றிய பிறகு குடும்பத்தோடு பார்ப்பது வேறு, இணையத்தில் பதிவேற்றுவது வேறு. நிகழ்ச்சியின் காப்புரிமை ஒளிபரப்பு நிறுவனத்திடம் இருக்கும். இடையில் வரும் திரைப்பாடலுக்கு உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். பழைய நிகழ்ச்சிகள் மீண்டும் வெளிவரத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிய பதிவு என்று தோன்றினால் தூக்கி எறிவதற்குமுன் ஆவணக் காப்பகத்தைத் தொடர்புகொண்டு கேளுங்கள். ஒளியேறிய ஆண்டு, நிகழ்ச்சியின் பெயர், நடித்தவர்கள், பள்ளி நிகழ்ச்சி என்றால் எந்தப் பள்ளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி கேசட்டோடு சேர்த்து வையுங்கள்.