கொட்டியாரக் கரையில் தொலைந்த மொழி

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் பெயர் குவாப்பா என்னும் பழங்குடியினரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அம்மக்களோ 1830களில் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். இன்று அவர்களுடைய இருப்பிடம் ஓக்லகோமா. அவர்களின் மொழி அழியும் தறுவாயில், 1970களில் றொபேர்ட் றாங்கின் என்ற மொழியியலாளர் எஞ்சியிருந்த முதியோரிடம் சென்று அதனைப் பதிவு செய்தார். இதனை வாசித்தபோது என் நினைவு திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரைக்குச் சென்றது.

மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை எனத் தொடரும் அக்கரையில் வாழ்பவர்கள் கரையோர வேடர்கள். 1660இல் இக்குடாவிலேயே கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் காட்டு வேடர்களைப் பற்றி எழுதினார். 1859இல் எமர்சன் ரெனன்ற் வேடர்களை மலை, கிராமம், கரை என மூவகைப்படுத்தினார். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட பெருநூலிலும் கரையோர வேடருக்கு இடமுண்டு.

வேட்டை, தேன், சேனைப் பயிர், மீன்பிடி என்பன அவர்களின் வாழ்வு. பேசுவது தமிழ். குலதெய்வச் சடங்குகளில் உருவேறி ஆடுவோரின் வாயில் மட்டும் பழைய வேட மொழிச் சொற்கள் சில வெளிப்படுவதுண்டு. அன்றாடப் பேச்சில் இடமிழந்த சொற்கள் தெய்வத்தின் வாக்கில் அடைக்கலம் புகுந்திருக்கின்றன.

தம்பானை வேடர்கள் பேசுவதில் சிங்களம் மிகுதியாகக் கலந்திருப்பினும், 'வேட மொழி' என்று சுட்ட ஏதோ ஒன்று அங்கே உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் அங்கேயே சென்றார்கள். கரையோர வேடரை நாடியவர்கள் மிகச் சிலரே. 2004 ஆழிப்பேரலையும் 2006 போர் இடப்பெயர்வும் இவர்களையும் அலைக்கழித்தபோது, செய்திகளில் 'இடம்பெயர்ந்த தமிழர்' என்ற தொகைக்குள்ளேயே அவர்கள் அடங்கிப் போனார்கள். அத்தகைய செய்திகளை எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

மொழியுரிமைக்காக நாம் பல தசாப்தங்கள் போராடினோம். அப்போராட்டம் நியாயமானது. ஆனால் இக்கரையில் ஒரு சிறிய மொழியின் இடத்தை நிரப்பியது நம் தமிழே. யாரும் தடியெடுத்து அடித்துப் பறிக்கவில்லை. பள்ளிக்கூடமும் சந்தையும் கோயிலும் திருமண உறவுமே போதுமாயிருந்தன. 'வேடன்' என்பதை வசைச்சொல்லாக்கிய நம் நாவும் துணை நின்றது.

குவாப்பா மொழிக்கு ஒரு றாங்கின் வாய்த்தார். வெருகல் கரையில் சடங்குச் சொற்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே, அவற்றை அவர்களின் சம்மதத்தோடு எழுதி வைக்க யாரேனும் முன்வர வேண்டும். அது தமிழறிந்த ஒருவராக இருப்பதே முறை; அந்தக் கடன் நம்முடையது.