காய்ச்சல் விட்ட பிறகு

2006-ஆம் வருஷத்துச் சிக்குன்குனியாவைப் பற்றிப் பேசினால், ‘அது பழைய கதை, விடுங்க’ என்கிறார்கள். யாருக்குப் பழைய கதை?

அந்த வருஷம் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேரை இந்நோய் தாக்கியதாக அரசு கணக்குச் சொன்னது. நேரடியாக அதனால் செத்தவர் எவருமில்லை என்றும் சொன்னது. காய்ச்சலை எண்ணினார்கள், பிணத்தைத் தேடினார்கள். காய்ச்சல் போன பிறகும் மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், மணிக்கட்டையும் முட்டையும் கணுக்காலையும் விடாத வலிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நோயின் பெயரே அந்த வலியைத்தான் சொல்கிறது. 1952-53இல் இன்றைய தான்சானியாவின் மக்கோண்டே மேட்டுநிலத்தில் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. மக்கோண்டே சனங்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு, வளைந்து கூனிப்போவது என்று அர்த்தம். 1963இல் கல்கத்தா, 1964இல் சென்னை என்று வந்த நோய், 1973க்குப் பின் அடங்கிக் கிடந்து, 2005 கடைசியில் திரும்ப வந்தது.

நாஞ்சில் நாட்டில் வளைவது யார்? திருவிதாங்கூர் அரசு 1855இல் அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டது, நிலம் தரவில்லை. விடுதலையானவர்கள் அதே வயலில் கூலிக்குக் குனிந்தார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவுக்கும் நடவும் களையும் அறுப்பும் குனிந்த முதுகின் வேலைதான்.

எங்கம்மைக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. ஆனால் விடியக்காலம் செம்பைப் பிடிக்க விரல் மடங்காது. “குனிஞ்சா நிமுர முடியல மக்கா” என்பாள். ஆஸ்பத்திரியில், “காய்ச்சல்தான் இல்லியே, பெறகென்ன?” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த கும்பப்பூ நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத நாளுக்குக் கூலி ஏது? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நோய்க்காலப் பணம் தர 1948இலேயே ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. வயலில் நின்றவளுக்கு அது எட்டவில்லை.

கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் களைப்புக்கும் மூச்சிரைப்புக்கும் 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறை தந்தது. நல்லது. நோய் போன பிறகும் நோயுண்டு என்பதை உலகம் ஒத்துக்கொண்டது. எங்கம்மை அதைப் பதினைந்து வருஷம் முன்னாலேயே சொன்னாள், எழுதிக்கொள்ளத்தான் ஆளில்லை.

நம் சேரிகளில் அந்த வருஷத்து வலியைச் சுமந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை நாள் கூலி போச்சு, எந்த வேலையை விட்டார்கள், வட்டிக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுவோம். பதிவேட்டில் இல்லாத வலியை நாம்தான் பதிய வேண்டும்.