காலத் தம்பனப் பாய்ச்சல்

நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்னும் வீடியோ விளையாட்டில், பரந்த ஹைரூல் பிரதேசத்தை விரைந்து கடக்க ஆட்டக்காரர்கள் கண்டறிந்த பௌதிக உபாயம். வெட்டி வீழ்த்திய மரத்தையோ பாறையையோ 'ஸ்டேசிஸ்' என்னும் சக்தியால் சில விநாடிகள் அசைவற்று நிற்கச் செய்து, ஆயுதத்தால் பன்முறை அடித்தால், அவ்வடிகளின் விசையெல்லாம் அதனுள்ளே திரண்டு, தம்பனம் நீங்கிய கணத்தில் ஒருங்கே வெளிப்பட, அதனைப் பற்றியிருக்கும் கதாநாயகன் லிங்க் அதனுடன் வானில் எறியப்பட்டு, பாராகிளைடரை விரித்து நெடுந்தூரம் மிதந்து செல்கிறான். பொருளின்மேல் தோன்றும் அம்புக்குறி மஞ்சளிலிருந்து சிவப்பாவது விசையின் மிகுதியைக் காட்டும். விளையாட்டின் விதிகளையே துணைக்கொண்டு எழுந்த இவ்வுபாயம் மெச்சத்தக்க கற்பனைத் திறம். 2023-இல் வெளிவந்த தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' விளையாட்டில் ஸ்டேசிஸ் இடம்பெறவில்லை.